நாய்க்காரர் 10,000 ரூபாய் தருகிறேன் என்கிறார், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் 9 வயது மகள் டியூஷன் முடிந்து வரும்போது, எதிர்வீட்டுக்காரர் வளர்க்கும் நாய் திறந்திருந்த கேட் வழியாக ஓடிவந்து கடித்துவிட்டது. கன்னத்தில் ஆழமான காயம், தையல் போட்டிருக்கிறார்கள். இடது கையிலும் இரண்டு இடத்தில் கடி. தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தோம், இதுவரை 41,000 ரூபாய் ஆகிவிட்டது. அன்று இரவே அவர் "கேட்டைச் சாத்த மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். இப்போது பேச்சு மாறிவிட்டது. குழந்தைதான் நாயைச் சீண்டியிருக்கும் என்கிறார். 10,000 ரூபாய் தருகிறேன், இனி எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். போலீஸில் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு "தெருநாய் கடி" என்று எழுதியிருக்கிறது. ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய் என்று கோர்ட் சொல்லியிருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஒருவரைப் போன மாதம் தெருநாய் கடித்தது. அவர் யாரிடம் போய்க் கேட்பது?
– வாசகி ஒருவர், சேலம் மாவட்டம்

பதில்:

சகோதரி, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் கேட்பது ரசீது இல்லை, உங்கள் மகளுடைய உரிமையை மொத்தமாக எழுதி வாங்கப் பார்க்கிறார். கன்னத்துத் தழும்பு எப்படி ஆறப்போகிறது என்று இன்றைக்கு டாக்டருக்கே தெரியாது. ஆறி முடிய பல மாதம் ஆகும், சில தழும்புகளுக்கு ஒரு வருடம்கூட ஆகும், அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் சர்ஜரி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே வரும். அதற்குள் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அதை நீதிமன்றத்தில் நீட்டி இவர்கள் அன்றே ஒப்புக்கொண்டார்கள் என்பார்கள். குழந்தையின் உரிமையை அப்பா அம்மா இப்படித் தெருவில் வைத்து விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று நாங்கள் வாதாடலாம், வாதாடுவோம். ஆனால் தேவையில்லாத ஒரு சண்டையை நாமே ஏன் உண்டாக்க வேண்டும்? பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரசீது கேட்டால் "மகளின் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியாக 10,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரே ஒரு வரி. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாக்கியம் எந்த உருவத்திலும் அதில் வரக்கூடாது.

அடுத்து ஊசி. வக்கீலிடம் கேட்டால் ஊசியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். நாய்க்காரர் "என் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கு, உங்க பொண்ணுக்கு இவ்வளவு ஊசி எதுக்கு" என்று சொல்லியிருப்பார், பெரும்பாலும் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தோலில் போடும் முறையென்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள், தசையில் போடும் முறையென்றால் 0, 3, 7, 14, 28. மருத்துவமனை கொடுத்த அட்டையில் எந்தத் தேதிகள் இருக்கின்றனவோ அவற்றை ஒன்றுகூட விடாமல் முடியுங்கள். முகத்தில் ஆழமான கடி மூன்றாம் வகைக் காயம். அதற்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்த வேண்டும். செலுத்தினார்களா என்று அட்டையிலும் பில்லிலும் பாருங்கள், பதிவு இல்லையென்றால் இன்றே டாக்டரிடம் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் மட்டும் சொல்லவில்லை. ஒரு தவணையை விட்டுவிட்டால், "பெற்றோரின் அலட்சியம்" என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையைத் தொடங்குவதும் அங்கேதான். நாயின் தடுப்பூசிப் புத்தகத்தை ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கடித்த நாளிலிருந்து 10 நாள் நாய் நன்றாக இருந்ததா என்றும் எழுதிவையுங்கள். புத்தகத்தைக் காட்ட மறுத்தால், அந்த மறுப்பையும் தேதியோடு குறித்துவையுங்கள்.

இப்போது நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "தெருநாய் கடி". இதை உங்களிடம் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள். அவசரப் பிரிவில் குழந்தை அழுதுகொண்டிருக்கும், நீங்கள் "நாய் கடிச்சிடுச்சு" என்று சொல்லியிருப்பீர்கள், டியூட்டியில் இருந்தவர் தானாகத் "தெரு" சேர்த்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு வரி அப்படியே இருந்தால் எதிர்வீட்டுக்காரர் வாயே திறக்க வேண்டாம், உங்கள் ஆவணமே அவருக்குச் சாட்சி சொல்லிவிடும். உடனே மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன தேதி அனுமதிக்கப்பட்ட என் மகளைக் கடித்தது எதிர்வீட்டில் வளர்க்கும் நாய், தெருநாய் என்று தவறுதலாகப் பதிவாகியிருக்கிறது, திருத்தக் குறிப்புச் சேர்த்துத் தாருங்கள். பழைய பதிவை அடித்து எழுத மாட்டார்கள், எழுதவும் கூடாது, அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். கூடுதல் குறிப்பாகக் கையெழுத்து, முத்திரை, தேதியோடு தந்தால் போதும். கடிதத்தின் நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று சீல் வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தித் தர மறுத்தாலும், நீங்கள் சில நாட்களுக்குள்ளேயே ஆட்சேபித்தீர்கள் என்பதற்கு அந்தச் சீல் ஆதாரமாகிவிடும்.

விபத்துப் பதிவேட்டு நகல், எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அதைத் தனியார் மருத்துவமனையில் போட்டார்களா என்றும் கேளுங்கள். போடவில்லையென்றால் அடுத்த ஊசியை அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளப் போகும்போது நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அங்கே ஊசி இலவசம், பதிவுக்கும் மதிப்பு உண்டு. இந்த முறை "எதிர்வீட்டு வளர்ப்பு நாய்" என்று தெளிவாகச் சொல்லி, அவர்கள் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குரல் பதிவு இருக்கிறதே, அது தங்கம். "கேட்டைச் சாத்த மறந்துட்டேன்" என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், இதைவிட நல்ல சாட்சியம் நாய்க்கடி வழக்குகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதை வேறு யாருக்கும் ஃபார்வர்டு செய்து குடும்பக் குழுக்களில் சுற்றவிடாதீர்கள், போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அந்த உரையாடலை அப்படியே ஏற்றுமதி செய்து ஒரு பென்டிரைவில் வையுங்கள், மூலப் பதிவு போனிலேயே இருக்கட்டும். மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்று சேர்க்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். தெருவில் யார் வீட்டிலாவது, கடையிலாவது கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், பழைய காட்சி மேல் புதியது பதிந்து தானாக அழிந்துபோகும், சில கேமராக்களில் ஒரு வாரம்கூடத் தாங்காது. மகள் அன்று போட்டிருந்த உடை கிழிந்திருந்தால் துவைக்காமல் காகித உறையில் போட்டு வையுங்கள். முகத்தை வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். காயம் நாளுக்கு நாள் எப்படி மாறியது என்று நீதிபதிக்குக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை, ஆனால் குழந்தைக்கு இது பிடிக்காது என்பதும் தெரியும். அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

போலீஸ். "பேசித் தீர்த்துக்கோங்க" என்பது புகாரை வாங்க மாட்டேன் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் நாகரிகமான பெயர். 2024 ஜூலை 1-இல் இருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 291-வது பிரிவு: தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய 289-வது பிரிவில் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது, இப்போது கூட்டியிருக்கிறார்கள். இது பிடியாணை இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம், அதனால் முதல் தகவல் அறிக்கை போட முடியாது என்று சொல்ல வழியில்லை. இதோடு 125-வது பிரிவும் இருக்கிறது, அலட்சியத்தால் பிறர் உடலுக்கு ஆபத்து உண்டாக்குவது. கொடுங்காயம் ஏற்பட்டிருந்தால் அதில் 3 ஆண்டு வரை சிறை. முகத்தில் நிரந்தரமாக உருவம் கெடும் காயம் சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்தான், 15 நாள் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் கிடந்தாலும் கொடுங்காயம்தான். மகள் பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை என்று வருகைப் பதிவேட்டு நகல் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

புகாரை எழுத்தில் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தராமல் அலையவிட்டால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு இந்த வழியைத் தருகிறது. அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புகாரில் கதை எழுத வேண்டாம். தேதி, நேரம், இடம், கேட் திறந்திருந்தது, நாய்க்குச் சங்கிலியோ வாய்க்கவசமோ இல்லை, யார் பார்த்தார்கள், எங்கே சிகிச்சை, குரல் பதிவு இருக்கிறது. அவ்வளவுதான். உங்கள் குடும்பத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் போன வருடம் பார்க்கிங் தகராறு இருந்திருந்தால் அதை இழுத்து இதில் கலந்துவிடாதீர்கள். தள்ளிப்போடவும் வேண்டாம், 6 மாதத் தண்டனைக் குற்றங்களை ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டாக வேண்டும்.

குழந்தை சீண்டியது என்கிறாரே, அது நிற்குமா? அவருடைய நாய் அவருடைய காம்பவுண்டை விட்டு வெளியே வந்து தெருவில் நடந்துபோன குழந்தையைக் கடித்திருக்கிறது. சீண்டினாள் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பெரியவர்களிடம் எதிர்பார்க்கும் ஜாக்கிரதையை 9 வயதுக் குழந்தையிடம் நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதும் இல்லை. இதுவே உங்கள் மகள் அவர்கள் வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாயின் தட்டில் கைவைத்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் வீட்டு வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" பலகை தொங்குகிறதா? அதைக் காட்டி நான்தான் எச்சரித்தேனே என்பார். அந்தப் பலகை வீட்டுக்குள் வருபவருக்கு, தெருவில் போகிறவருக்கு இல்லை. உண்மையில் அது நமக்குத்தான் உதவும், கடிக்கக்கூடிய நாய் என்று தெரிந்துதான் எழுதி மாட்டியிருக்கிறார். இதற்கு முன் பேப்பர் போடும் பையனையோ, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரையோ இந்த நாய் துரத்தியிருந்தால், கடித்திருந்தால், அவர்கள் பெயரை விசாரித்து வையுங்கள். நாயின் குணம் முன்பே தெரிந்தும் கட்டிவைக்கவில்லை என்று நிரூபித்தால் உரிமையாளர் நழுவுவதற்கு இடமே இருக்காது. நாய்க்கு உரிமம் எடுத்திருக்கிறாரா, அந்தத் தெருவிலிருந்து முன்பு ஏதாவது புகார் போயிருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனுப் போடுங்கள்.

சரி, பல் கணக்கு. உங்களுக்கு வந்த செய்தி பொய் இல்லை, பாதி உண்மை. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது: ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 செ.மீ. காயத்துக்குக் குறைந்தது 20,000 ரூபாய். அது அந்த இரண்டு மாநிலங்களுக்கும் சண்டிகருக்கும் போட்ட உத்தரவு, தெருவில் திரியும் கால்நடைகள், நாய்களால் பாதிக்கப்பட்டவர்களுக்காக அரசு பணம் கொடுக்க ஏற்பாடு செய்யச் சொன்னது. அரசு முதலில் கொடுத்துவிட்டு, தவறு யாருடையதோ அவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. உங்கள் வக்கீல் ஒரு முன்னுதாரணமாக எடுத்துக் காட்டலாம், நீதிபதி மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். அதனால் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பல் தடங்களை எண்ண வேண்டாம், எனக்கு இப்படி எண்ணி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் விஷயத்தில் அந்தக் கணக்கு உண்மையில் குறைவாகத்தான் வரும், முகத்துத் தழும்பின் நஷ்டம் தடங்களின் எண்ணிக்கையில் அடங்காது.

அப்படியானால் எவ்வளவு கேட்பது? கையில் பில் இருக்கும் 41,000 ரூபாயில் தொடங்குங்கள். இனிமேல் வாங்கப்போகும் ஊசி, மருந்து, களிம்பு எல்லாவற்றுக்கும் பில் கேட்டு வாங்குங்கள், மருந்துக் கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் அது செல்லாது. ஆட்டோவுக்குப் பில் கிடைக்காது, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள், நியாயமான தொகையாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீங்களோ கணவரோ வேலைக்குப் போகாமல் இருந்த நாட்களுக்கு, வேலை செய்யும் இடத்தில் சம்பளப் பிடித்தம் பற்றி ஒரு கடிதம் வாங்குங்கள். அப்புறம் முக்கியமானது, எதிர்காலச் சிகிச்சை. பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் ஒருவரிடம் மகளைக் காட்டி, தழும்புக்கு என்ன சிகிச்சை, எத்தனை முறை, தோராயமாக எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பெரும்பாலான நாய்க்கடி வழக்குகளில் இந்தக் கடிதம் இருக்காது, அதனாலேயே கையிலிருக்கும் பில் தொகையோடு மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்து முடித்துவிடுவார்கள். இவற்றோடு வலி, மன வேதனை, முகம் கெட்டதற்கான இழப்பு என்று தனித்தனியாகக் கேட்கலாம். மகள் இரவில் அலறி எழுந்தால், நாயைப் பார்த்தால் நடுங்கினால், டியூஷன் போக மாட்டேன் என்றால், அதையும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். வழக்குக்காக மட்டும் இல்லை, அவளுக்கும் அது தேவைப்படும்.

மொத்தம் 3 லட்சம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். 2017-க்கு முன் இது 7.5 சதவீதமாக இருந்தது. எதிர்த்தரப்பு பயப்படட்டும் என்று 25 லட்சம் போட்டால் உங்களுக்குத்தான் 75,000 கட்டணம், அவர் பயப்படவும் மாட்டார். உங்கள் மகள் மைனர் என்பதால் வழக்கு அவள் பெயரில், நீங்களோ கணவரோ காப்பாளராக நின்று போட வேண்டும். கிடைக்கும் தொகையின் பெரும்பகுதியை அவளுக்கு 18 வயது ஆகும்வரை வங்கியில் போட்டுவைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், சிகிச்சைக்குத் தேவையானதை மனுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். வழக்கு நடக்கும்போது சமரசத்துக்கு வந்தால் அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், குழந்தைக்கு நன்மையாக இருக்கிறதா என்று நீதிபதி பார்த்த பிறகுதான் ஏற்பார். மைனருக்குக் காலக்கெடு விஷயத்தில் சட்டம் சலுகை தருகிறது என்றாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், சாட்சிகள் வீடு மாறிப்போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் ஒரு வருடத்தைத் தாண்டவிட வேண்டாம்.

வழக்குக்கு முன் வக்கீல் நோட்டீஸ் ஒன்று போகட்டும். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. குரல் பதிவு இருக்கிறது என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும், பேச்சு மாறியவர்கள் பலர் அந்த வரியைப் படித்த பிறகு மறுபடி பேச்சு மாறுவார்கள். அப்போது அவர் பேச வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்துக்கொள்ளுங்கள். அங்கே எழுதப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், பணம் தராவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டு வசூலிக்கலாம். திண்ணையில் எழுதிய காகிதத்துக்கு அந்தப் பலம் கிடையாது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவர் தன் நாய்க்குக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்றும் நோட்டீஸில் கேட்டுவிடுங்கள். சில செல்லப்பிராணிக் காப்பீடுகளில் மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கும் பணம் வரும், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

குற்ற வழக்கில் தண்டனை கிடைத்தால் அந்த நீதிமன்றமே இழப்பீடு தரச் சொல்ல முடியும், அதற்கு நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 395-வது பிரிவு இருக்கிறது. அங்கே வாங்கும் தொகையைப் பிற்பாடு சிவில் வழக்கில் கழித்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம், ஒன்று முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

நாயை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது இன்னும் எதிர்வீட்டில்தான் இருக்கிறது, உங்கள் மகள் தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். ஆபத்தான விலங்கைக் கட்டிவைக்கவோ அப்புறப்படுத்தவோ உத்தரவிட நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை, வழக்கைவிட இது பல சமயம் சீக்கிரம் வேலை செய்யும். தெருவில் யாராவது "பிஸ்கட்ல மருந்து வெச்சிட்டாப் போச்சு" என்று யோசனை சொன்னால் அவர்களைத் தள்ளிவையுங்கள். விலங்கைக் கொல்வதற்கு நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை, அதாவது நாய்க்காரர் மேல் 291-இல் வரக்கூடிய தண்டனையைவிடப் பல மடங்கு. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்க வேண்டிவரும். அந்த இன நாயையே அரசு தடை செய்துவிட்டது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைப் பற்றி அனுப்பிய சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நாய் எந்த இனமாக இருந்தாலும் கேட் திறந்திருந்ததுதான் உங்கள் வழக்கு.

இனி அந்தப் பெரியவர். தெருநாய்க்கு உரிமையாளர் கிடையாது என்பதால் அவர் வழக்கு கொஞ்சம் சுற்றுவழி. விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அந்தத் தெருவில் நாய்த்தொல்லை என்று முன்பே யாராவது மனுக் கொடுத்து, நடவடிக்கை எடுக்காமல் விட்டிருந்தார்களென்றால், கடமை தவறியதற்கு அந்த மனுதான் முதல் ஆதாரம். இல்லையென்றால் இப்போதாவது கொடுத்துவையுங்கள், அடுத்துக் கடிபடுபவருக்கு உதவும். பெரியவர் நகராட்சி ஆணையருக்கோ ஊராட்சி நிர்வாகத்துக்கோ மருத்துவ ஆவணங்களோடு இழப்பீடு கேட்டு எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும், நகலை ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அரசையும் சேர்த்து சிவில் வழக்குப் போடுவதானால் முன்கூட்டியே இரண்டு மாத நோட்டீஸ் கட்டாயம். கேரளாவில் உச்ச நீதிமன்றம் 2016-இல் நீதிபதி சிரி ஜெகன் குழுவை அமைத்து, தெருநாய்க் கடிக்கு நேரடியாக அங்கே மனுப் போடும்படி செய்தது. பெரியவருக்கு அப்படியொரு சுலபமான வாசல் இல்லை, நடந்துதான் ஆக வேண்டும்.

அவர் எங்கே கடிபட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. பேருந்து நிலையம், மருத்துவமனை வளாகம், பள்ளி, ரயில் நிலையம் மாதிரி இடம் என்றால் மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொல்லி, பிடித்த நாயைத் திரும்ப அதே இடத்தில் விடக்கூடாது என்றும் உத்தரவிட்டிருக்கிறது. சாதாரணத் தெருவென்றால் அந்த உத்தரவு பொருந்தாது, 2025 ஆகஸ்ட் 22 உத்தரவுப்படி வெறிபிடித்த, மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுவார்கள். அவரைக் கடித்த நாய்க்குக் காதில் கருத்தடை அடையாளம் வெட்டியிருந்ததா என்று பார்த்தவர்களிடம் கேளுங்கள். அடையாளம் இல்லையென்றால் அதையும் மனுவில் எழுதலாம், அந்த நாயை இதுவரை யாரும் பிடித்ததே இல்லை என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். அவருக்கும் முதல் வேலை ஊசி அட்டையைத் தேடி எடுப்பது, போன மாதம் என்கிறீர்கள், 28-ஆம் நாள் ஊசியைப் போட்டாரா என்று இன்று சாயந்திரமே கேட்டுவிடுங்கள்.